ஓடினின் படையும் எங்கள் உடுப்புக் கொடியும்

ஓடின் என்ற தெய்வத்துக்கும் எங்கள் குடும்பத்துக்கும் ஏற்பட்ட தொடர்பு ஓர் உடுப்புக் கொடியில் தொடங்கியது. அப்போது நாங்கள் ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில், மலைச்சரிவில் நின்ற ஒரு பழைய வீட்டின் இரண்டாம் மாடியில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அந்தக் கட்டடத்தில் குடியிருந்த எல்லோருக்கும் பொதுவாகக் கூரைக்குக் கீழே ஒரு பெரிய அறை இருந்தது. மழை விடாத ஊரில் தோய்த்த உடுப்பைக் காயப்போட அதைவிட்டால் வேறு இடமில்லை. சுவருக்குச் சுவர் கொடி கட்டியிருக்கும். யாருடைய உடுப்பு எந்தக் கொடியில் எத்தனை நாள் கிடக்கலாம் என்பதற்காக அந்த வீட்டில் நடந்த சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகமாகும்.

எங்களுக்கு நேர் கீழே ஒரு ஜேர்மன் அன்ரி தனியாக இருந்தார். பகலில் மருந்துக்கடையில் வேலை. ஊருக்கெல்லாம் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் குளிசை எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும், வைக்கிங் காலத்துத் தெய்வங்களோடு பேச உட்கார்ந்துவிடுவார். அவருடைய அலுமாரியின் மேல் ஒற்றைக்கண் ஓடினுக்கு ஒரு மரச்சிலை இருந்தது. அதற்கு முன்னால் மாட்டுக்கொம்பில் தேன்மது, பக்கத்தில் வீட்டைக் காக்கும் குட்டி ஆவிக்கு ஒரு கிண்ணம் கஞ்சி. எழுத்து வெட்டிய மரத்துண்டுகளைப் பையிலிருந்து எடுத்துக் குறி பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு சிறிய மேளமொன்றைத் தட்டினால் ஆவிகள் வந்து தன்னோடு கதைக்கும் என்று என்னிடம் சொன்னார். பல்வலிக்கு எந்தக் குளிசை நல்லது என்று சொல்லும் அதே குரலில்தான் இதையும் சொன்னார்.

எங்கள் வீட்டுச் சாம்பிராணிப் புகை படிக்கட்டால் இறங்கிப் போனதில், அம்மாவும் தன்னைப்போல ஒரு ஆள்தான் என்று அன்ரி முடிவுகட்டிவிட்டார். உன் அம்மா எந்த ஆவிகளோடு வேலை செய்கிறார் என்று ஒரு நாள் என்னிடம் விசாரித்தார். அம்மாவுக்கு ஜேர்மன் வராது. வெளியுலகத்தோடு அவர் பேச வேண்டியதெல்லாம் என் வாய் வழியாகத்தான் போய்வரும். நான் கேட்டேன். நாங்கள் சைவ ஆட்கள், பேய் பிசாசோடு எங்களுக்கு என்ன கொடுக்கல் வாங்கல், இவளுக்கு நல்ல விசர் என்று அம்மா நீட்டி முழக்கினார். நான் அதைச் சுருக்கி, பிள்ளையாரோடு என்று மட்டும் அன்ரிக்குச் சொன்னேன். அன்ரி மரியாதையோடு தலையாட்டினார்.

2004 டிசம்பரில் நத்தாருக்கு முதல்நாள் அன்ரி எங்கள் கதவைத் தட்டி ஓர் எச்சரிக்கை தந்தார். அன்றிரவிலிருந்து ஜனவரியில் வரும் மூன்று ராசாக்கள் திருநாள்வரை கொடியில் துணி போடக்கூடாது. அந்த நாட்களில் ஓடின் செத்தவர்களின் படையைக் கூட்டிக்கொண்டு குதிரையில் வானத்தால் போவாராம். கொடியில் கிடக்கும் துணியில் குதிரைகள் சிக்கிக்கொண்டால், வருடம் முடிவதற்குள் அதே துணியால் அந்த வீட்டில் ஒருவரை மூட வேண்டி வருமாம். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு இத்தனை நாள் தோய்க்காமல் இருப்பது எப்படி என்று அம்மா கேட்டார். அன்ரி அசையவில்லை. தன்னுடைய வெள்ளைக் கோட்டில் கோப்பிக் கறை பட்டிருக்கிறது, அதோடுதான் வேலைக்குப் போகப்போகிறேன் என்று கறையைத் தொட்டுக் காட்டினார்.

அடுத்தநாளே அம்மா ஒரு கொடி நிறைய உடுப்புப் போட்டார். வேண்டுமென்றேதான் போட்டார். பின்னேரம் பார்த்தால் எல்லாம் பாதி காய்ந்தபடி அழகாக மடிக்கப்பட்டு எங்கள் வாசலில் இருந்தன. மேலே ஒரு தட்டில் இஞ்சி பிஸ்கட். அம்மா பிஸ்கட்டைத் தின்றுகொண்டே அன்ரியைத் திட்டினார். நாளைக்கு இரண்டு கொடி நிறையப் போட்டுக் காட்டுகிறேன் என்றார்.

அந்த நாளைக்குத்தான் கடல் வந்தது.

அம்மாவுக்கு ஒரே ஒரு தம்பி. மாமா முல்லைத்தீவுக் கரையில் படகு எஞ்சின் திருத்தும் கொட்டில் வைத்திருந்தார். நான் அவரை நேரில் கண்டதேயில்லை. எனக்கு அவர் தொலைபேசிக்குள் இருந்து இன்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்கும் ஒரு குரல்தான். லண்டனிலிருந்த பெரியப்பா முதலில் தொலைபேசி எடுத்தபோது, கொட்டில் இருந்த இடமே தெரியவில்லை, மாமாவைக் கண்டவர்களும் இல்லை என்றார். பிறகு எடுத்தபோது, இனித் தேடிப் பயனில்லை, செய்ய வேண்டியதைச் செய்யுங்கள் என்றார். உடல் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

எங்கள் ஆட்களிடம் சாவு காதில் விழுந்தால் துடக்கு. தலைக்குத் தோய வேண்டும், வீட்டிலுள்ள உடுப்பு, படுக்கைவிரிப்பு எல்லாவற்றையும் தோய்த்துக் காயப்போட வேண்டும், சாமிப் படத்துக்கு விளக்கு வைக்கக்கூடாது. அப்பா முறை தவறாத ஆள். தொலைபேசியை வைத்துவிட்டு வந்து, குசினிக்குள் கதிரையில் இருந்த அம்மாவுக்கு முன்னால் நின்றார்.

"எழும்பித் தோயுமப்பா," என்றார்.

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஏலாது. இந்த நாளில கொடியில உடுப்புப் போடக்கூடாது. கீழ்வீட்டு மனுசி சொன்னவ."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அன்று காலைவரை விசர் மனுசியாக இருந்தவர் பின்னேரத்துக்குள் வேதம் சொல்கிறவராகிவிட்டார். அம்மா எழும்பிப் போய்ப் பிள்ளையார் படத்துக்கு விளக்கேற்றினார். துடக்கு வீட்டில் விளக்கா என்று அப்பா கேட்க, அம்மா திரியை இன்னும் தூண்டிவிட்டார். துக்கம் விசாரிக்க வரப்போவதாகச் சொன்னவர்களையும் வர வேண்டாம் என்று தடுத்துவிட்டார். அம்மா அழுதால் நானும் கூட இருந்து அழலாம் என்று காத்திருந்தேன். அவர் அழவுமில்லை.

பிள்ளைகள் உடுக்க உடுப்பு வேண்டுமே. அப்பா எங்கள் அழுக்கையெல்லாம் பையில் கட்டிக்கொண்டு, காசு போட்டுத் தோய்க்கும் கடைக்குப் போய், அங்கேயே மெசினில் காயவைத்துக் கொண்டுவந்தார். மெசினுக்குள் குதிரை வராதுதானே, அப்படியென்றால் துடக்கு உடுப்பையும் அங்கேயே தோய்க்கலாமே என்று கெட்டித்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தார். அது வேறு இது வேறு என்று அம்மா சொன்னார். என்ன வேறு என்று கேட்க அப்பாவுக்குத் துணிவு வரவில்லை. எனக்கு வந்தது, ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

மாமாவைப் பற்றிப் படிக்கட்டில் வைத்து அன்ரிக்குச் சொன்னது நான்தான். அவர் கையிலிருந்த மரக்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, படை மேலே போகிற நாட்கள் இவை, உன் அம்மா விரும்பினால் நான் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அம்மா சண்டைக்கு வரப்போகிறார் என்று பயந்துகொண்டுதான் அதைத் தமிழில் சொன்னேன். அவர் உடனே எழும்பித் தலையைச் சீவிக்கொண்டு கீழே இறங்கினார்.

நாலரை மணிக்கே இருட்டிவிட்டிருந்தது. அன்ரி சூரைப்பழச் செடியின் சுள்ளிகளைத் தணலில் போட்டுப் புகைத்தார். அது எங்கள் சாம்பிராணி மாதிரியும் இருந்தது, தீய்ந்த குழம்பு மாதிரியும் இருந்தது. கொம்பிலிருந்த தேன்மதுவை ஓடினுக்கு முன்னால் கொஞ்சம் ஊற்றினார். மாமாவின் முழுப்பெயரை என்னிடம் கேட்டு, நாக்கில் பழகிப் பார்த்துக்கொண்டார். பிறகு கண்ணை மூடி மேளத்தைத் தட்டத் தொடங்கினார். தட்டலுக்கு நடுவே மாமாவின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. ஜேர்மன் வாயில் அது யாரோ ஒருவருடைய பெயராகக் கேட்டது. அம்மா சோபாவின் நுனியில், வைத்தியரின் அறைக்கு வெளியே இருப்பதைப்போல இருந்தார்.

எனக்குள் கேள்விகள் முட்டிமோதின. வுப்பர்டாலுக்கு மேலால் போகும் படையில் முல்லைத்தீவில் காணாமற்போனவர் எப்படி இருப்பார்? ஓடினுக்குத் தமிழ் தெரியுமா? பிள்ளையார் இதையெல்லாம் மேலே இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாரா, கேட்டால் கோபிப்பாரா? படை உண்மையென்றால் அம்மா முதலில் சொன்னது பொய். படை பொய்யென்றால் அம்மா ஏன் இங்கே இருக்கிறார்?

மேளம் நின்றது. அன்ரி கண்ணைத் திறந்து, என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துப் பேசினார். நான் மொழிபெயர்த்தேன்.

"மாமான்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டவவாம். ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லையாம்."

"அப்ப அவன் அதுக்குள்ள இல்லை," என்றார் அம்மா. அந்த ஒற்றைக்கண் மரச்சிலைக்கு முன்னால் போய்ப் பக்தியோடு கைகூப்பினார். அன்ரி என்ன சொன்னாய் என்று என்னைக் கேட்டார். நீங்கள் சொன்னதைத்தான் சொன்னேன் என்றேன். அன்ரியின் முகம் ஏன் வாடிப்போனது என்று எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா நன்றாகச் சாப்பிட்டார். பெரியப்பா எடுத்தால் அப்பாவிடமிருந்து தொலைபேசியை வாங்கி, இன்னும் தேடச் சொல்லுங்கோ என்றார். அப்பா மெலிந்துகொண்டு போனார்.

மூன்று ராசாக்கள் திருநாள் கழிந்த அடுத்தநாள் காலை அன்ரி வெறும் கூடையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். தன்னுடைய விரிப்புகளையும் வெள்ளைக் கோட்டையும் அப்போதுதான் மேலே காயப்போட்டுவிட்டு வந்திருந்தார். படை போய்விட்டது, இனி நீங்கள் தாராளமாகத் தோய்க்கலாம் என்று நல்ல செய்தி சொல்வதாக நினைத்துச் சிரித்த முகத்தோடு சொன்னார். நானும் சந்தோஷமாகத் தமிழில் சொன்னேன்.

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் தோளில் கைவைத்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கேலாதோ எண்டு கேள், பிள்ளை."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தெய்வத்தின் நாளைத் தள்ளிவைக்கச் சொல்லி யாராவது கேட்பார்களா? இருந்தாலும் கேட்டேன். இந்த நாட்களுக்காகக் கறைபட்ட கோட்டோடு வேலைக்குப் போய்வந்த மனுசி, அப்படியெல்லாம் நடக்காது என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். அன்ரி அம்மாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, தான் பிழையாகக் கணக்குப் பார்த்துவிட்டதாகவும் படை இன்னும் முழுதாகப் போய்முடியவில்லை என்றும் மெதுவாகச் சொன்னார். திரும்பிப் படியேறினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சொட்டும் விரிப்புகளையும் கோட்டையும் கூடைக்குள் போட்டுக்கொண்டு எங்களைக் கடந்து இறங்கினார்.

நான் விடவில்லை. பின்னாலேயே இறங்கிப்போய்ப் பிடித்தேன். நேற்றோடு முடியும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டார்.

"உங்களுக்கு அது கொஞ்சம் கூடுதல் நாள் எடுக்கும்," என்றார்.

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தேன். எங்களுக்கு எதுதான் கூடுதல் நாள் எடுக்கவில்லை? விசா நீட்டிக்க அன்ட்ராக் என்ற விண்ணப்பம் போட்டால், எங்களுக்குப் பிறகு போட்டவர்களுக்கெல்லாம் கிடைத்த பிறகுதான் எங்களுக்குக் கடிதம் வரும். வெளிநாட்டு அலுவலக வாசலில் நின்று நின்று எனக்குக் கால் உளைந்திருக்கிறது. இப்போது இவர்களுடைய தெய்வமும் அப்படித்தான். ஜேர்மன்காரருக்கு ஒரு தவணை, எங்களுக்கு ஒரு தவணை.

ஆத்திரத்தோடு மேலே ஓடினேன். அப்பா அறைக்குள் தொலைபேசியில் கோயில் ஐயரோடு மாமாவின் கிரியைக்கு நாள் பேசிக்கொண்டிருந்தார். நான் இடையில் புகுந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். வெளிநாட்டுக்காரர் என்பதால் எங்களை இன்னும் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்றேன். அன்ரி சொன்னதை அப்படியே ஜேர்மனில் திரும்பச் சொல்லச் சொன்னார் அப்பா. சொன்னேன். குசினிக்குள் அம்மா இருந்த பக்கம் பார்த்தார்.

"ஐயா, இப்ப நாள் வைக்கத் தேவையில்லை. நான் பிறகு எடுக்கிறன்," என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். அலுவலகத்திலிருந்து ஏலாது என்று ஒரு கடிதம் வந்தால் அன்றைக்கே அகராதியை விரித்துவைத்து மறுப்பெழுதி, கையெழுத்துப் போடும் வரை சாப்பிடாத மனுசன் இதற்கு ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை. குசினிக்குள் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். ஓடினுக்குக்கூடப் பயந்த ஆள் என்று எனக்கு அன்று முழுவதும் அப்பாவோடு கோபம்.