மலையைச் சுற்றிப் பள்ளிக்கு வந்தவள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அப்படிப்பட்டவளைக் கூப்பிட்டு, மனசிலும் படிப்பிலும் சிரமப்படுகிற பிள்ளைகளின் பள்ளியில் டீச்சராக வைத்துக்கொண்ட டாக்டரம்மாவின் துணிச்சலை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. எழுபதுகளின் கடைசி அது. சர்க்கார் ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்ற அந்த அம்மாள், திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்துப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். மொத்தம் பதினான்கு பிள்ளைகள். எழுத்தைத் தலைகீழாக எழுதுகிறவன், தொட்டால் கடிக்கிறவள், மத்தியானம் வரை அழுதுவிட்டு அதற்கு மேல் எல்லோரையும் சிரிக்கவைக்கிறவன். வேறு பள்ளிக்கூடங்கள் கைகழுவிய பிள்ளைகள். காலையில் வருவார்கள், மூன்றரைக்கு வீட்டுக்குப் போவார்கள். நடுவில் மணி கோப்பது, களிமண் பிசைவது, கிணற்றடியில் வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு ஊற்றுவது, கொஞ்சம் எழுத்து, நிறையப் பாட்டு.

ஊரில் எங்கள் பள்ளிக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். முதல் நாள் என்னை ஏற்றிய குதிரைவண்டிக்கார பாய் அந்தப் பெயரைச் சொல்லி, "அங்கதானேம்மா?" என்று கேட்டார். வண்டியை விட்டு இறங்கிச் சண்டை போட்டேன். அவர் அசரவில்லை. "கோச்சுக்காதம்மா, ஏறு. இனிமே சொல்ல மாட்டேன்" என்றார். சொன்னபடியே பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தினமும் அவர் வண்டிதான்.

நான் சேர்ந்த வருஷமே மலைக்குப் பின்பக்கத்து அடி அண்ணாமலையிலிருந்து ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். அவளுடைய அப்பா எங்கோ போய்விட்டார். அம்மா கீரை வியாபாரம். விடிவதற்குள் டவுனுக்கு வந்து விற்றுவிட்டு, ஊருக்குத் திரும்பி, மகளை இழுத்துக்கொண்டு மலையைச் சுற்றிப்போகிற பாதையின் கிட்டத்து வழியாகப் பள்ளிக்கு வந்து சேர்வாள். இழுத்துக்கொண்டு என்று சும்மா சொல்லவில்லை. அந்தப் பெண் வழியெல்லாம் உட்கார்ந்துவிடுவாள், அலறுவாள், அம்மாவின் கையைக் கடிப்பாள். வந்து சேரும்போது பதினொன்றரை ஆகியிருக்கும். "நேரத்துக்கு வரத் தெரியாதா?" என்று அந்த அம்மாவைத்தான் நான் திட்டினேன். பல் பதிந்த கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு அவள் நின்றது இப்போதும் என்னைக் குத்துகிறது.

வேடிக்கை என்னவென்றால், சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அந்தப் பெண் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு போவாள். பள்ளி பிடிக்கவில்லை, அதுதான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். டாக்டரம்மா ஒருநாள் காலையில் அடி அண்ணாமலைக்கே போய் அவர்கள் வீட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

"வீடு கிரிவலப் பாதையிலேயே இருக்கு. பிறந்ததுலேருந்து அவ வாசல்ல பாக்குறது ஒண்ணுதான். மலைய வலப்பக்கம் வச்சுக்கிட்டு ஜனங்க போறாங்க. காலையில நாம அவள எதிர்ப்பக்கமா நடக்கச் சொல்றோம்" என்றார்.

இதுதான் சங்கதி! நடப்பது என்றால் அந்தப் பக்கம்தான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். மறுநாளே ஏற்பாட்டை மாற்றினோம். அம்மா கீரைக்கூடையோடு டவுனுக்குப் போகும்போதே மகளையும் கூட்டிக்கொண்டு காஞ்சி ரோட்டைப் பிடித்துப் போகவேண்டியது, கீரை விற்றதும் அப்படியே செங்கம் ரோட்டுக்கு வரவேண்டியது, சாயங்காலம் கிட்டத்து வழியில் வீட்டுக்குப் போகவேண்டியது. மலை எப்போதும் வலப்பக்கம். தினமும் ஒரு முழுச் சுற்று. அலறல் நின்றது. பாதி வழிக்கு யாராவது மாட்டுவண்டியில் ஏற்றிக்கொள்வார்கள். ஒன்பதரைக்கெல்லாம் எங்களுக்கு முன்னால் வந்து வாசலில் நிற்பாள்.

இந்த ஊரில் ஒருத்தி தினமும் மலையைச் சுற்றினால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

முதலில் செய்தி கொண்டுவந்தது பாய்தான். "உங்க பொண்ணு கால்ல நேத்து ரெண்டு வெளியூர்க்காரங்க உழுந்தாங்கம்மா" என்றார். செருப்பில்லாமல், யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல் நடக்கிற பெண் அல்லவா? மௌனச்சாமி என்று பேராகிவிட்டது. "இது என்ன கூத்து!" என்று நான் குதித்தேன். பாய் குதிரையைத் தட்டிவிட்டபடி, "ஜாஸ்தி பேசாத ஆளுங்களுக்கு நம்ம ஊர்ல மரியாதை ஜாஸ்திம்மா" என்றார். என்னைத்தான் சொன்னாரோ என்று ரோடு முழுக்க யோசித்துக்கொண்டே போனேன்.

ஒரு மாதம் போயிருக்கும். அந்தப் பெண்ணின் தாய்மாமன் பள்ளிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, நிஜமாகவே பக்தியான விவசாயி. தங்கையையும் மருமகளையும் தன் வீட்டில் வைத்துச் சோறு போடுகிறவர். வருகிற பௌர்ணமிக்கு வீட்டு வாசலில் பந்தல் போட்டுப் பெண்ணை உட்காரவைக்கப் போவதாகச் சொன்னார். இனி பள்ளிக்கு வரமாட்டாள்.

"சாமி குடுத்த மௌனம்ங்க அது. அத்தப் போயி நீங்க மணி கோக்க உடுறீங்களே" என்றார்.

"அது மௌனம் இல்லைங்க!" என்று நான் கத்தினேன். "அவளுக்குக் கேக்கத் தெரியல. தாகம் எடுத்தா பானை பக்கத்துல நிக்கிறா. பசிச்சா அழுவுறா. எனக்கு இது வேணும்னு ஒருத்தர்கிட்ட கேக்க இப்பத்தான் சொல்லிக் குடுத்துக்கிட்டிருக்கோம். பாதியில நிறுத்தினா அவ கடைசி வரைக்கும் பானை பக்கத்துலயே நிப்பா."

அவர் என்னைப் பார்க்காமல் டாக்டரம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார். கூட வந்திருந்த பெண்ணின் அம்மா பின்தங்கி என் பக்கத்தில் வந்தாள். "அண்ணன மீற முடியாது மிஸ். அவரு இல்லன்னா நாங்க தெருவுலதான். ஆனா எனக்கு அது சாமியா ஆவ வேணாம் மிஸ். என்னை ஒரு தரம் அம்மான்னு கூப்புட்டாப் போதும்" என்றாள்.

பௌர்ணமி சனிக்கிழமை வந்தது. போகாதே, போனால் சண்டை போடுவாய் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். போனேன். பாய் சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டு, "பாத்துப் பேசும்மா" என்றார்.

தென்னங்கீற்றுப் பந்தல், வாழைமரம், ஒரு பெரிய பானையில் வழிப்போக்கர்களுக்கு மோர். நடுவில் மணைமேல் எங்கள் பெண். மஞ்சள் பாவாடை, கழுத்தை அழுத்துகிற சாமந்தி மாலை. நாற்பது ஐம்பது பேர் கற்பூரத்தோடு நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பையனுக்கு வேலை கிடைக்குமா என்று ஒரு அம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் பெண் மாலையிலிருந்து இதழ்களைப் பிய்த்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள், மணி கோக்கச் சொல்லிக்கொடுத்த அதே ஒழுங்கில். நான் பார்த்துப் பேசவில்லை. "குழந்தைய எழுப்புங்க!" என்று மாமனிடம் போட்டேன் ஒரு சத்தம். "யாரு இவங்க, சாமி எதிர்ல கத்துறது?" என்று கூட்டம் என்மேல் திரும்பியது.

அந்தக் களேபரத்தில் அவள் எழுந்தாள். மாலையைத் தலைவழியே கழற்றி மணைமேல் வைத்தாள். ஓரத்தில் நின்ற அம்மாவிடம் போய், புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா. ஒண்ணுக்கு வருது."

"சாமி வாயத் தொறந்துடுச்சு! இன்னா சொல்லுச்சு, இன்னா சொல்லுச்சு?" என்று பின்னாலிருந்து முண்டியடித்தார்கள். அந்த அம்மா அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை, இரண்டும்தான். அண்ணன் எதிரில் குரலை உயர்த்தாதவள் கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"சாமி இல்லீங்க, என் பொண்ணு. என்னைக் கேக்குது. வழி உடுங்க."

வழி விட்டார்கள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு வேலிக்குப் பின்னால் போனார்கள். எனக்குக் கண்ணில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. கற்பூரத்தட்டோடு நின்ற மாமன் திரும்பி வந்த தங்கையிடம் மெதுவாகக் கேட்டார்: "அம்மான்னா கூப்புட்டுச்சு?"

"ஆமாண்ணா."

"எனக்குக் கேக்கல. சத்தத்துல கேக்காமப் போச்சு" என்றார் மனுஷன். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, "திங்கக்கெழம பள்ளிக்கூடம் உண்டுங்களா?" என்று என்னைக் கேட்டார். உண்டு என்றேன்.

கூட்டம் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு மோரைக் குடித்துக் கலைந்தது. எங்கள் பெண் போகிறவர்களைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள். பானை பக்கத்தில் போய் நிற்கவில்லை. அம்மாவின் தலைப்பை மறுபடியும் இழுத்தாள்.

"அம்மா. மோரு."

குடித்து முடித்ததும் டம்ளரை நீட்டினாள். "அம்மா. இன்னும் மோரு." அந்த அம்மா மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தாள். போதும், வயிறு என்னத்துக்கு ஆகும் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் மனசு வரவில்லை.