இரண்டாவது கதிரை: கிறேஸ் அக்காவின் அரச சோடனை

சனிக்கிழமை காலை கூட்டுறவுச் சங்கக்கடையைத் திறந்து அரை மணித்தியாலம் ஆகியிருக்காது. சாமுவேல் வந்து வாசலில் சைக்கிளைச் சாத்தினார். அவர் கிறேஸ் அக்காவின் தம்பி. தேயிலைப் பெட்டிகளின் உள்ளே ஒட்டியிருக்கும் ஈயத்தாளை உரித்து அக்காவுக்கென்று எடுத்து வைப்பது என் வழக்கம். அதை வாங்கிப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, ஒன்றும் கேட்காமல் தாள்கட்டை எடுத்து நீட்டினேன். அவரும் வாங்கி, சைக்கிள் கரியரில் வைத்து இறுக்கிக் கட்டினார். கட்டி முடித்த பிறகுதான், "அண்ணை, அக்கா விடியப்புறம் முடிஞ்சு போனா. மூச்சிழுப்பு. மருந்து ஓரிடமும் கிடைக்கேல்லை" என்றார்.

சொல்லிவிட்டு, கட்டை அவிழ்ப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றார். எனக்கும் தெரியவில்லை. "இருக்கட்டும், கொண்டு போங்கோ" என்றேன். செத்தவீட்டுக்கு ஈயத்தாள் எதற்கு என்று அவர் போன பிறகுதான் யோசித்தேன்.

செல்வி கிறேஸ் நேசரத்தினம் என்று சொன்னால் உரும்பிராய், நீர்வேலிப் பக்கத்தில் பலருக்கு ஆளைத் தெரியாது. 'ராசசபை அக்கா' என்றால் சின்னப் பிள்ளைகளும் வீட்டைக் காட்டுவார்கள். சாமத்தியவீடு, கலியாணம், பிறந்தநாள் எதுவானாலும் அதை ஓர் அரண்மனை போலச் சோடித்துத் தருவதில் அவருக்கு நிகர் அவரேதான். அவரை அறியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அறிந்தவர்கள் எனக்கு விளங்காத ஒன்றை விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலேறி வந்தவர்களில் அவரும் ஒருவர். அங்கே பெரிய வீட்டுக் கலியாணங்களுக்கு மண்டபம் சோடிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஊருக்கு வந்தபோது கையில் ஒரேயொரு சூட்கேஸ். சாமுவேல் திறந்து பார்த்தால் மாற்றிக் கட்ட ஒரு சேலை இல்லை. சிவப்பு வெல்வெற் துணி ஒரு சுருள், தங்கச் சரிகை, நாலு மயிலிறகு. உயிர் தப்பி ஓடி வருகிறவர் இதையா கொண்டு வருவார்? பிறகு ஒருநாள் நானே கேட்டேன். "கையிலை ஆம்பிட்டதை எடுத்தனான் தம்பி" என்றார். மயிலிறகு ஒன்றுகூட முறியாமல் துணிக்குள் சுற்றி வைத்திருந்தது எப்படிக் கையில் அகப்பட்டதாகும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சங்கக்கடை முகாமையாளன் என்ற முறையில்தான் நான் அவருக்கு அறிமுகமானேன். பொருளாதாரத் தடை வந்து, மின்சாரம் போய், மண்ணெண்ணெய் அருமருந்தாகிப் போன காலத்தில் அவர் எங்கள் கடைக்கு வந்து கேட்டது சீனியோ மாவோ அல்ல. வெறும் தேயிலைப் பெட்டி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, சனம் சவர்க்காரத்துக்கு அலையுது, நீங்கள் சிம்மாசனம் செய்யப் போறியளோ?" என்றேன். "ஓம், சிம்மாசனம்தான்" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

செய்தும் காட்டினார். பழைய மரக் கதிரைக்கு ஈயத்தாளை ஒட்டி, மூடிய பேனையின் முனையால் அழுத்தி அழுத்திக் கொடியும் பூவுமாகக் கோலம் போட்டால், பத்தடி தள்ளி நிற்பவனுக்கு அது வெள்ளிச் சிம்மாசனம். நீர்வேலி வாழைத்தோட்டங்களில் குலை வெட்டிய மரத்தை வாங்கி வந்து தண்டில் யானை செதுக்குவார். தூண்களின் உச்சிக்கு வாழைப்பூப் பொத்தி. ஜாம் போத்தல் விளக்குக்குப் பின்னால் ஒரு முகக்கண்ணாடியை நிறுத்தி ஒரு சுடரை இரண்டாக்குவார். வாசலிலிருந்து சிம்மாசனம் வரை சிவப்பு வெல்வெற் விரிப்பு. அது நீளம் போதாதபோது ஆரம்பத்தில் சாக்கு விரித்து, பாதி வழியில் வெல்வெற்றைத் தொடங்குவார். "நடந்து வரேக்கை சனம் காலைப் பாக்காது, கதிரையைத்தான் பாக்கும்" என்பார்.

அவருக்குச் சில பிடிவாதங்கள் இருந்தன. இரண்டு நிறத்துக்கு மேலே விடமாட்டார். "மூண்டாவது நிறம் வந்தால் அது அரண்மனை இல்லை, திருவிழாக் கடை." காகிதப் பூவைக் கண்டால் கோபம் வரும். எல்லாம் சோடி சோடியாக இருக்க வேண்டும். இரண்டு யானை, இரண்டு தூண், இரண்டு விளக்கு. இப்படி ஊரெல்லாம் அரண்மனை கட்டிய மனுஷியின் சொந்த அறையில் ஒரு பாயும் ஒரு வேதப்புத்தகமும் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. சுவரில் ஒரு கலண்டர்கூட இல்லை. அதுவும் எனக்கு விளங்கவில்லை.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் தங்கை புவனத்தின் கணவர் சந்தைக்குப் போன இடத்தில் செல் விழுந்து வெடித்து இறந்துபோனார். மூன்று வருடத்தின் பின் அவளுடைய ஒரே மகள் வதனி பெரியபிள்ளையானாள். தாய்மாமன் என்ற முறையில் சாமத்தியவீட்டை முன்நின்று நடத்த வேண்டியவன் நான். வதனி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மாமா, ராசசபைச் சோடனை." கிறேஸ் அக்காவிடம் போய்ச் சொன்னேன். "பிள்ளை இருக்கிறதுக்கு ஒரு கதிரை போதும் அக்கா" என்றும் சொன்னேன். "ஓம் தம்பி" என்றார்.

அதே வாயால் புவனத்திடம் வேறொன்றும் சொன்னேன். புருஷனை இழந்தவள் மங்கல காரியத்தில் முன்னுக்கு வரக்கூடாது என்பது எங்கள் சனத்தின் முறை. ஆகவே, "நீ குசினிக்குள்ளை நிண்டு பலகாரத்தைப் பார்" என்றேன். பெற்ற பிள்ளையைச் சோடித்துப் பார்க்க மூன்று வருடமாகச் சீட்டைக் கட்டி, கோழி வளர்த்து, ஆசையோடு இருந்தவள். அவளிடம் அப்படிச் சொன்னேன் என்று எழுதும்போது இப்போது கை கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

சாமத்தியவீட்டன்று பகல் பதினொரு மணிக்குப் பந்தலுக்குள் போனேன். நடுவில் வெள்ளிச் சிம்மாசனம். அதன் வலப்பக்கத்தில், அரை அடி தாழ்வாக, அதே வேலைப்பாட்டில் இரண்டாவது கதிரை. அதை எடுக்கச் சொல்வதற்குள் மேளம் தொடங்கிவிட்டது. வதனியைக் கூட்டி வந்து இருத்தினார்கள். முன்னால் உடைக்க வேண்டிய தேங்காயும் கத்தியும் என் கையில்.

கிறேஸ் அக்கா பந்தலின் வாசலில் நின்று தலையைச் சரித்துப் பார்த்தார்.

"ஒரு பக்கம் சரிஞ்ச மாதிரிக் கிடக்கு. ராணியின்ரை தாய் எங்கை? படம் எடுக்கிறவரிட்டை மிச்சமிருக்கிறது கொஞ்சப் பிலிம்தான். தாயைக் கூட்டி வாங்கோ" என்றார், ஏதோ ஒரு குத்துவிளக்கைக் கேட்பதுபோல.

செத்துப்போன மைத்துனரின் மூத்த அக்கா எழும்பினார். எங்கள் எல்லாருக்கும் அவர் பெரிய மாமி. "உதென்ன புதுப் பழக்கம்? தாலி இழந்தவளைக் கொண்டு வந்து ஆலாத்திக்கு முன்னாலை இருத்துறதோ?"

"ஐயோ அம்மா, இது சடங்கு இல்லை, சோடனை" என்றார் கிறேஸ் அக்கா. "நீங்கள் உங்கடை சடங்கைச் செய்யுங்கோ. நான் குறுக்கை வரேல்லையே. கதிரை வெறுமையாக் கிடந்தால் படம் வடிவில்லை எண்டுதான் சொல்லுறன்."

கதிரையில் இருப்பது சடங்கில் சேர்த்தியா, சோடனையில் சேர்த்தியா? அங்கே கூடியிருந்த ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஐயர் மடியில் இருந்த பூவைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார். அந்தக் குழப்பத்துக்குள் வதனியின் தோழிகள் இரண்டு பேர் குசினிக்குப் போய், மாக்கையோடு நின்ற புவனத்தை இழுத்து வந்து கதிரையில் இருத்திவிட்டார்கள். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். மகளின் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னைத்தான் பார்த்தாள். பெரிய மாமியும் என்னைத்தான் பார்த்தார்.

நான் தேங்காயை உடைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. மேளம் பெருத்தது, ஆலாத்தி எடுத்தார்கள், படமும் எடுத்தார்கள்.

அடுத்த நாள் சாமான்களை ஏற்ற வந்த கிறேஸ் அக்காவிடம், "தெரிஞ்சுதான் செய்தனீங்களோ?" என்று கேட்டேன். "நான் வேதக்காரி தம்பி. உங்கடை முறையள் எனக்கென்ன தெரியும்? சோடி இல்லாட்டில் எனக்குக் கண்ணுக்குப் பிடிக்காது" என்றார். வருடக் கணக்காகச் சைவ வீடுகளில் சோடித்தவர் அவர். எந்த வீட்டில் யார் எங்கே நிற்பார்கள் என்று அவருக்கா தெரியாது? ஆனால் பொய் சொல்லுகிறவரும் அல்லர். அன்று தொடக்கம் இதை எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். பாதிப் பேர் "அவ பாவம், ஒண்டும் தெரியாது" என்றார்கள். பாதிப் பேர் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அடக்கம். உரும்பிராய்த் தேவாலயம் நிறைந்து வழிந்தது. பெட்டியைச் சுற்றி ஒரு பூகூட இல்லை, வெள்ளைத் துணி மட்டும். அதுதான் அவர் கேட்டதாம். புவனமும் வந்திருந்தாள். வெளியே மரநிழலில் நின்றபோது அவளிடம் மெல்லக் கேட்டேன். "புவனம், அக்கா உன்னோடை முதலே கதைச்சு வைச்சவவோ? தெரிஞ்சுதானே அண்டைக்கு அந்தக் கதிரையைப் போட்டவ?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அவவைப் பற்றி ஊரெல்லாம் கேட்டுத் திரியிறியள் அண்ணை. கூட்டிக்கொண்டு வந்து இருத்தினாப் பிறகு நான் உங்களைத்தானே பாத்தனான். நீங்கள் ஏன் என்னை எழும்பச் சொல்லேல்லை?"

முறை தெரியாதவன் அல்ல நான். அவளைக் குசினிக்கு அனுப்பியவனே நான்தான். "தெரியேல்லை பிள்ளை" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. இதை எழுதும் இந்த நேரத்திலும் தெரியவில்லை.

பெட்டியைத் தூக்கினார்கள். எங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வேதக்காரர் வீட்டுப் பெண்கள் கல்லறைத் தோட்டமான சவக்காலை வரை போவார்கள். புவனம் அவர்களோடு நடக்கத் தொடங்கினாள். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் என் தோளைத் தட்டி, "தங்கச்சியை மறிச்சு நிப்பாட்டும்" என்றார். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனேன். குழியின் ஓரத்தில் அவள் குனிந்து, அந்தச் செம்மண்ணை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள்.

நான் தடுக்கவில்லை, அக்கா. போய் வாருங்கள்.