ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள்

ரப்பர் பால் காய்ந்த சட்டைக்கு ஒரு வாசனை உண்டு. புளித்த மாவும் ஈரச் செருப்பும் சேர்ந்த மாதிரி, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாசனை. அந்த வாசனை ஏறாத சட்டை எங்கள் அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் போடும் அந்த வெள்ளைச் சட்டையை ஒரு தை மாதத்தில் புஷ்பராணி அக்கா துவைத்து, சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, கொடியில் தனியாகத் தொங்கவிட்டிருந்தாள். அவளை ஆறாம் ஆண்டில் சேர்க்கப் போகும் நாளுக்காக.

பிள்ளைகளே, எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் ஆண்டோடு படிப்பு முடிந்துவிடும். மேலே படிக்க ஆற்றைத் தாண்டி, பெல்மதுளைப் பக்கம் இருந்த பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். வருஷத் தொடக்கத்தில் அங்கே வரவேற்பு நாள் வைப்பார்கள். குருத்தோலைத் தோரணம் கட்டி, தோட்டத்தின் பெயரையும் பிள்ளையின் பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்லிக் கூப்பிடுவார்கள். குடும்பமாக எழுந்து போய், தாயோ தகப்பனோ பிள்ளையின் கையைப் பிடித்து வகுப்பு டீச்சரின் கையில் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால்தான் அது அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. எனக்கு நினைவு தெரியுமுன்பே அம்மா காய்ச்சலில் போய்விட்டதால், எங்கள் வீட்டில் கைபிடித்துக் கொடுக்க அப்பா ஒருவர்தான்.

ஆனால் ரப்பர் மரம் பள்ளிக்கூட மணியைப் பார்ப்பதில்லை. விடியலில் பட்டையைச் சீவிவிட்டு, பால் வடிந்து முடிந்ததும் திரும்பிப் போய், மரத்தில் கட்டிய சிரட்டைகளிலிருந்து வாளியில் ஊற்றி ஸ்டோருக்குத் தூக்கிப்போக வேண்டும். அதற்குள் பாதிப் பகல் போய்விடும். அப்பா லீவு கேட்டபோது கங்காணி, "பால் வெட்ட ஆளில்லாம நிக்குது, ஒனக்கு இஸ்கூல் திருவிழா கேக்குதா?" என்று விரட்டிவிட்டார். மழை பெய்தால் மட்டும் வெட்டு கிடையாது. நனைந்த மரத்தில் பால் சிரட்டைக்கு வராமல் பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். அதனால் மழை வரும்போது சிரட்டைகளைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சிரட்டையைக் கவிழ்த்து வைத்தால் மழை வரும் என்று, வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் நாங்கள் அதைத் திருப்பிப் போட்டு நம்பினோம். முந்தின நாள் சாயங்காலம் அக்கா வாசலில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வந்துரும்ல தம்பி?" என்று என்னைக் கேட்டாள். ஏதோ எல்லாம் எனக்குத் தெரிந்த மாதிரி, "வரும்க்கா" என்றேன்.

வந்தது. மழைக்காலம் முடிந்தும் மழை விடாத வருஷம் அது. இரவெல்லாம் தகரக்கூரை அதிர்ந்தது. காலையில் வேலையில்லை என்று தெரிந்ததும், பிள்ளை சேர்க்க இருந்த வீடுகளிலெல்லாம் பவுடர் வாசம் கிளம்பியது. அப்பாவைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மாரி மாமா, "என்னா மச்சான், மாப்புள கணக்கா கெளம்பிட்ட? சேக்கப் போறது மகளையா, ஒன்னையா?" என்றார். அப்பா வெட்கப்பட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. வெள்ளைச் சீருடை நனையாமல் இருக்க அக்கா ஒரு பொலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு, காலில் போடாமல் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி, எல்லோருக்கும் முன்னால் நடந்தாள்.

ஆற்றங்கரைக்கு வந்தபோது தாழக் கட்டியிருந்த பாலத்தைக் காணவில்லை. செம்மண் தண்ணீர் அதன் மேலே போய்க்கொண்டிருந்தது. கரையில் வீடு உள்ள சிங்கள ஐயா ஒருவர் இரண்டு கைகளையும் விரித்து எங்களை மறித்து, "எபா, எபா! யன்ன எபா! போவ வேணாம்! ரெண்டு மரத்த இழுத்துக்கிட்டுப் போச்சு, ஒங்கள விடுமா?" என்று இரண்டு பாஷையிலும் கத்தினார். வடியும் என்று நின்றோம். வடியவில்லை. அக்கரையில் மரங்களுக்கு மேலே பள்ளிக்கூடத்துக் கூரை தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி பேசத் தொடங்கியது. காற்று இந்தப் பக்கம் அடிக்கும்போது ஒவ்வொரு பெயரும் தெளிவாகக் கேட்டது.

எங்கள் தோட்டத்தின் பெயர் வந்தது. "கீழ்ப்பிரிவு, கருப்பையா மகள் புஷ்பராணி" என்றார்கள்.

அப்பா தண்ணீர் விளிம்பு வரைக்கும் போய், இரண்டு கையையும் வாயில் குவித்து, "இருக்கோம் சார்! இங்கன இருக்கோம்!" என்று கத்தினார். மறுபடியும் கூப்பிட்டார்கள். மறுபடியும் கத்தினார். அக்கா சப்பாத்தைக் கீழே போட்டுவிட்டுத் தன் கையை உயர்த்திக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு ஒலிபெருக்கி அடுத்த பிள்ளையின் பெயருக்குப் போய்விட்டது.

திரும்பும்போது அழுதுகொண்டே வந்த அக்காவிடம் அப்பா, "எதுக்கும்மா அழுவுற? கூப்புட்டாங்க, நாம கொரல் குடுத்துட்டோம். பேரு விழுந்திருக்கும்" என்றார். அவளைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். விடியலில் "பெரட்டு"க் களத்தில் வேலையாட்களின் பேரைக் கூப்பிடும்போது சத்தமாக "இருக்கேங்க" என்று சொன்னால் அன்றைய பேர் பதிவாகிவிடும். அப்பா வாழ்நாளில் அறிந்த பேர் கூப்பிடுதல் அது ஒன்றுதான்.

வெள்ளம் வடிந்ததும் மற்ற வீடுகளில் தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். மழையில் கெட்ட நாட்களுக்குச் சேர்த்து ஞாயிற்றுக்கிழமையும் வெட்டச் சொல்லியிருந்ததால் அப்பாவால் அசைய முடியவில்லை. பேர்தான் விழுந்துவிட்டதே, அடுத்த மழைக்குப் போகலாம் என்றிருந்தார். அந்த மழை அதன் பிறகு எட்டிப் பார்க்கவேயில்லை. கடைசியில் ஒரு தூறல் நாளில் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனபோது, "இவ்வளவு நாளா எங்க இருந்தீங்க? வராத பிள்ளையின் இடத்தை வேற பிள்ளைக்குக் கொடுத்தாச்சே. அடுத்த வருஷம் வாங்க" என்றார்களாம். அப்பா, "இல்லீங்க, நாங்க சொன்னோம்ங்க, ஆத்துக்கு அந்தாண்ட நின்னு சொன்னோம்ங்க" என்று சொல்லிக்கொண்டே நின்றாராம். அக்காதான் அவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

அடுத்த வருஷத்து வரவேற்பு நாளில் அக்கா அப்பாவுக்குப் பின்னால் பால் வாளி தூக்கிப் போனாள். அப்புறம் அவளே பால் வெட்டும் கத்தி எடுத்தாள். என் முறை வந்தபோது, நல்ல வெயில் காலை. அப்பாவின் மரங்களையும் சேர்த்து அக்கா வெட்டினாள். அப்பா என் கையைப் பிடித்து டீச்சரிடம் கொடுத்தார். இந்த நாலு எழுத்து எனக்கு வந்தது அந்தக் காலையால்தான்.

இப்போது அந்த ஆற்றுக்கு உயரமான பாலம் போட்டிருக்கிறார்கள். கீழ்ப்பிரிவு லயம் காடாகிவிட்டது. அதன் பெயரை எந்த ஒலிபெருக்கியும் சொல்வதில்லை. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த வருஷம் என் மகள் அதே பள்ளிக்கூடத்தில் ஆறாம் ஆண்டுக்குப் போனாள். வரவேற்புக்கு அக்காவும் வந்தாள். மாலை, சந்தனம், பேச்சு எல்லாம் முடிந்து வகுப்பறையைக் காட்டினார்கள். அக்கா முன்வரிசையில் மெதுவாக உட்கார்ந்து, வெட்டுத் தழும்பேறிய இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தாள். மணி அடித்தது. பெற்றோரெல்லாம் வெளியே போனார்கள்.

"அத்த, எந்திரிங்க. இது நாங்க ஒக்கார்ற எடம்" என்று என் மகள் சிரித்தாள்.

"தெரியும் சாமி. செத்த இரு."

டீச்சர் சின்ன வயதுப் பெண். வாசலில் நின்று மரியாதையாகக் கேட்டார்: "நீங்க எந்தப் பிள்ளையோட அம்மா?"

"யாரோட அம்மாவும் இல்லீங்க டீச்சர்" என்று அக்கா எழுந்துகொண்டாள். உட்கார்ந்திருந்த இடத்தைச் சேலைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்துவிட்டு வெளியே வந்தாள்.