மோட்டார் ஓடிய நான்கு மணி நேரம்

எங்கள் வீட்டில் கரப்பான்பூச்சிக்கு மருந்து அடித்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அப்பா இன்றைக்கும் எல்லாக் கல்யாண வீட்டிலும் பேசுவார். பேசும்போது மாமாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். மாமா என்றால் அம்மாவின் தம்பி; அவரும் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார். மருந்து அடித்தது அவர்தான். கதையில் ஜெயிப்பது மட்டும் எப்போதும் அப்பா.

அப்போது எனக்கு ஒன்பது வயது. விழுப்புரத்தில் வாடகை வீடு. ஹாலில் இரண்டடி மீன் தொட்டி, அதில் ஆறு தங்க மீன்கள். தொட்டிக்குள் காற்றை ஊதும் குட்டி மோட்டார் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கும். மீன் விற்ற கடைக்காரர், மோட்டாரை நிறுத்தவே கூடாது சார் என்று சொல்லிவிட்டார். ஆபீசில் வந்த எந்த சர்க்குலரையும் அப்பா இவ்வளவு ஒழுங்காக மதித்திருக்க மாட்டார். கரண்ட் போனால், அந்த வருஷங்களில் தினமும் போகும், தொட்டித் தண்ணீரைச் சொம்பில் மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுவார். மீனுக்குக் காற்று வேண்டுமாம். கை வலித்தால் சொம்பு என்னிடம் வரும். என் பாதி வீட்டுப்பாடம் அந்தச் சொம்போடு போனது.

மோட்டார் செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே ஒரு சிவப்பு எண் கடிகாரமும் இருந்தது; இரண்டுக்கும் ஒரே சுவிட்ச். கரண்ட் போய் வந்தால் அது பன்னிரண்டிலிருந்து மறுபடி ஓட ஆரம்பித்து, யாராவது சரிசெய்கிற வரை மினுக்கிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் இட்லி மாவில் கரப்பான் குஞ்சு மிதந்தது. "உன் தம்பி ஊரெல்லாம் மருந்து அடிக்கறான். இங்க வந்து அடிக்க மாட்டானாமா?" என்று அப்பாவே அம்மாவிடம் ஆரம்பித்தார். மாமா திண்டிவனத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் அந்த வேலையில் இருந்தார். டிகிரி முடித்துவிட்டு முதுகில் டப்பாவை மாட்டிக்கொண்டு அலைகிறானே என்பது அப்பாவுக்கு நிரந்தர எரிச்சல். ஓசியில் அடிப்பான் என்பதில் மட்டும் எரிச்சல் இல்லை.

மாமா வந்ததும் முதலில் தொட்டியிடம்தான் போனார். மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு, சுற்றிலும் டேப் ஒட்டி, அதற்கு மேல் நனைத்த போர்வையைப் போர்த்தினார். அப்புறம் மோட்டார் சுவிட்சில் கை வைத்தார்.

"அத ஏன்டா தொடற?" என்றார் அப்பா.

"இது ரூம்ல இருக்கிற காத்தத்தான் இழுத்து உள்ள ஊதுது மாமா. மருந்து அடிச்ச காத்து தண்ணில கலந்தா ஒண்ணுகூட தேறாது."

"மூடி டேப்பும் ஒட்டிட்ட. மோட்டாரையும் நிறுத்தினா மூச்சு முட்டி சாவாதா? மீன் வளக்கறவன் நானா, நீயா?"

"நாலு மணி நேரம் தாங்கும் மாமா. டெய்லி ரெண்டு மணி நேரம் கரண்ட் போவுது, செத்தா போச்சி?"

"அப்ப நான் சொம்பால ஊத்திக்கினு இருக்கறேன்ல."

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "மோட்டார்ல கை வெச்ச, அதோட இந்த வீட்டுக்கு வராத. மீனு செத்தாலும் வராத."

"சரி மாமா," என்றார். சாயங்காலம் மூன்றரைக்கு ஜன்னலைத் திறந்துவிடுவதாகச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

நாங்கள் கோலியனூரில் பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பினோம். மாதம் ஒருமுறை மாமா வந்தால்தான் எனக்குப் பரோட்டா, சால்னா. ஆறு மீன், ஒரு மாமா. பஸ் முழுக்க எனக்கு இதே நினைப்பு. பெரியம்மா வீட்டில் சங்கரா மீன் குழம்பு. அப்பா முள்ளை எடுத்துக்கொண்டே, "பாவம், இன்னா ஆச்சோ" என்றார். பெரியம்மா தட்டைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆவல, ஃப்ரெஷ்ஷுதான். காலைல மரக்காணத்துலருந்து வந்தது" என்றாள். அம்மா சிரிக்கவில்லை. அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ஐந்து மணிக்குத் திரும்பினோம். ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது, ஃபேன் ஓடியது, மாமா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அப்பா செருப்போடு உள்ளே ஓடிப் போர்வையை உருவி, டேப்பைப் பிய்த்தார். நான் எண்ணினேன். ஐந்துதான். மாமா என் பின்னால் வந்து நின்றார். பிளாஸ்டிக் செடிக்குப் பின்னாலிருந்து ஆறாவது மீன் சாவகாசமாக வெளியே வந்தது. மோட்டார் எப்போதும்போல் இரைந்துகொண்டிருந்தது.

"பாத்தியா? மோட்டார் ஓடிக்கினுதான் இருந்துது. ஒண்ணாவது செத்துதா? உன் கம்பெனில இன்னாதான் சொல்லித் தரானுங்க?"

"நீங்க சொன்னதுதான் கரெக்ட்டு மாமா."

அப்போதுதான் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். 1:10 என்று மினுக்கிக்கொண்டிருந்தது. "கரண்ட் போயிருக்கு," என்றார். உடனே, "ஒரு நிமிஷம் போய்ட்டு வந்திருக்கும்" என்று திருத்திக்கொண்டார்.

மருந்து நாற்றம் போய்விட்டதா என்று பார்க்க வந்த எதிர்வீட்டு அண்ணன், "கரண்ட்டா? நானும் இவரும் எங்க வீட்லதான் மேட்ச் பாத்துக்கினு இருந்தோம். காலைலருந்து ஒரு தபாகூட போவலியே" என்றார்.

"உங்க வீடு வேற ஃபேஸு," என்றார் அப்பா. எங்கள் தெருவில் புரியாத எதற்கும் ஃபேஸ்தான் காரணம். அண்ணனும் ஒத்துக்கொண்டார். அம்மா மட்டும் மினுக்குகிற கடிகாரத்தைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், டீ போடப் போனாள். மாமாவுக்கு மட்டும் பெரிய டம்ளர். எனக்கு ஏன் சின்னது என்று சண்டை போட்டேன்.

போன மாதம் ஹாஸ்டலில் போனுக்கு சார்ஜ் போட ரூம்மேட்டின் கடிகாரப் பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பச் செருகியதும் 12:00 என்று மினுக்கியது. எனக்குக் கோலியனூர் பஸ் ஞாபகம் வந்தது. ஐந்து மணியில் ஒரு மணி பத்து நிமிஷத்தைக் கழித்தால் மூன்று ஐம்பது. ஜன்னலைத் திறந்தது மூன்றரைக்கு. வீடு காற்றாட இருபது நிமிஷம், அப்புறம் சுவிட்ச். மாமாவுக்கு போன் போட்டேன். "எந்த மீனு? மெஸ்ல மீனா போடறானுங்க?" என்றார்.

அன்றைக்கு அப்பா, "டேய், அத சரி பண்ணு" என்று கடிகாரத்தைக் காட்டினார். அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். முட்டி போட்டுப் பட்டனை அழுத்தி அழுத்தி ஐந்துக்குக் கொண்டுவந்தேன். மினுக்குவது நின்றது.

"கரெக்ட்டா இருக்கா மாமா?"

"சூப்பரா இருக்குடா," என்று மாமா என் தலையை அழுத்தித் தேய்த்தார். ஒரு கடிகாரத்துக்குப் போய் இந்த ஆள் ஏன் இவ்வளவு சந்தோஷப்படுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.