பண்ணைவீட்டில் ஓர் இடியப்ப உரல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் ஜெர்மனியில் எசன் நகருக்கு அருகே ஒரு பழைய பண்ணைவீட்டு அருங்காட்சியகத்துக்குப் போனோம். சமையலறையில் வழிகாட்டி, கைப்பிடியும் அடியில் துளைகளும் உள்ள இரும்புக் கருவி ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இது என்னவென்று இப்போது யாருக்கும் தெரியாது" என்றார்.

"இடியப்ப உரல். காலமைதான் பிழிஞ்சனான்" என்றாள் மனைவி. நான் அதை வழிகாட்டிக்கு ஜெர்மன் மொழியில் சொன்னேன்.

அது உருளைக்கிழங்கு பிழிகிற கருவியாம். ஆனாலும் வழிகாட்டிக்குப் பெரிய சந்தோசம். அதை அவள் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்.

அடுத்த மாதம் அவர்களின் துண்டுப்பிரசுரத்தில் அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். படத்தின் கீழே "நூறாண்டுக்கு முந்தைய சமையல்" என்று போட்டிருந்தது. அப்போது இலங்கையில் போர்நிறுத்தக் காலம், தபால் ஒழுங்காகப் போனது. அவள் பெருமையோடு யாழ்ப்பாணத்தில் இருந்த தங்கைக்கு ஒன்றை அனுப்பினாள்.

தங்கை தொலைபேசியில் கேட்டாள்: "அக்கா, நீங்கள் இன்னும் வீட்டிலயே பிழியிறியளோ? நாங்கள் கடையிலதான் வாங்கிறம்."