பூஜ்ய ரசீது

திருகாணி என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையின் மூலையில், ஒரு சின்ன மேசையும் விளக்கும் வைத்துக்கொண்டு இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தார். கழன்ற திருகை முடுக்குவது, கோணிப்போன காதுக்கம்பியை நிமிர்த்துவது, மூக்கில் அழுத்துகிறது என்றால் சரிசெய்வது. இவ்வளவுதான் வேலை. எல்லாம் இலவசம். எங்களிடம் வாங்கிய கண்ணாடியா, வேறெங்கோ வாங்கியதா என்றுகூடக் கேட்க மாட்டார்.

நான் அந்தக் கடையில் கல்லாவில் இருப்பவள். இன்னும் அங்கேதான் இருக்கிறேன். அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

திருகை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவார் மனுஷன். "ரெண்டு காதும் சமமா உள்ளவன் இன்னும் பொறக்கல சார். உங்களுக்கு இடது காது கொஞ்சம் தாழ்வு. கண்ணாடியைச் சரி பண்ணிடலாம், காதைத்தான் ஒண்ணும் பண்ண முடியாது" என்பார். வந்தவர் சிரித்துவிடுவார். யார் பெயரும் அவருக்கு ஞாபகம் இருக்காது. மூக்கு மட்டும் மறக்காது. "போன தடவை இந்த இடத்துல தழும்பு இருந்துச்சே, இப்ப ஆறிடுச்சா?" என்று விசாரிப்பார்.

யாராக இருந்தாலும் பத்து நிமிஷம் உட்கார வைப்பார். அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன நடக்கும் என்பதைக் கல்லாவிலிருந்து நான் தினமும் பார்த்திருக்கிறேன். சும்மா இருக்க முடியாமல் எழுந்துபோய் அலமாரியைப் பார்ப்பார்கள். ஒரு பிரேமை எடுத்து மாட்டிப் பார்ப்பார்கள். விலையைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். அடுத்த மாதம் மகளையோ மாமியாரையோ கூட்டிக்கொண்டு வந்து வாங்குவார்கள். கடை ஓடியதே அப்படித்தான்.

பழைய முதலாளிக்கு அது தெரியும். அதனால் ஒரு சட்டம் போட்டிருந்தார். திருகாணி யாருக்கு வேலை செய்தாலும் நான் ரசீது எழுத வேண்டும். பெயர், தேதி, செய்த வேலை, தொகை பூஜ்யம். "காசு வாங்கலன்னா என்ன, ஆளு வந்தாருல்ல? அது நமக்குத் தெரியணும்மா" என்பார். ஒரு நாளைக்கு முப்பது பேர், முப்பது பூஜ்யம். எனக்கு முணுக்கென்றால் கோபம் வரும். முதலாளி படுத்த படுக்கையான மறுவாரமே எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

திருகாணி ஒரு நாள் கேட்டார். "ரசீது எழுதலையா தங்கச்சி?"

"உங்க பூஜ்யத்தை எழுதி எழுதி என் கை தேஞ்சதுதான் மிச்சம். சும்மா இருங்கண்ணே!" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நாலு வருஷம் கழித்து முதலாளி போய்ச் சேர்ந்தார். வெளியூரில் இருந்த மகன், ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு கம்பெனிக்குக் கடையை விற்க ஏற்பாடு செய்தார். விலை போடுவதற்கு அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்தார். ரொம்ப மரியாதையான பிள்ளை. மூன்று நாளும் பின்னறையில் கணக்குப் புத்தகங்களோடு உட்கார்ந்தவர், கம்ப்யூட்டரை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை.

"ரொம்ப சிம்பிள் மேடம். வருஷ லாபத்தை அஞ்சால பெருக்கினா அதுதான் கடையோட விலை. வேண்டாத ஒரு சம்பளத்தை எடுத்துட்டா லாபம் கூடும். விலை அதுக்கு அஞ்சு மடங்கு கூடும்" என்று விளக்கினார். பிறகு கேட்டார். "மூலையில இருக்கறவரால என்ன வருமானம்?"

"அது இலவசம் சார்."

"ஒரு நாளைக்கு எத்தனை பேர் அவர்கிட்ட வர்றாங்க? கடைசி மூணு வருஷத்துக்கு ஏதாவது பதிவு இருக்கா?"

நாலு வருஷமாக ஒரு ரசீதுகூட இல்லை. முப்பது என்றால் ரசீது எங்கே என்று கேட்பார். ஏன் எழுதவில்லை என்பார். கணக்கு சுத்தமாக இருந்தால் என் வேலை போகாமல் தான் பார்த்துக்கொள்வதாக அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான்.

"நாலஞ்சு பேர் வருவாங்க சார்" என்றேன்.

அவர் ஐந்து என்று போட்டுக்கொண்டார்.

கம்பெனி கைக்கு வந்த முதல் வாரமே திருகாணிக்கு வேலை நீக்கக் கடிதம் கொடுத்தார்கள். அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "என்ன தங்கச்சி, எனக்கு வேகம் போதலையோ?"

"எனக்கென்னண்ணே தெரியும்?" என்றேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா?

அவர் மேசை இருந்த இடத்தில் விளம்பரப் பலகை வைத்தார்கள். என்னைக் கடைப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள், "அவர் இல்லையா?" என்று கேட்டுவிட்டு வாசலோடு திரும்பினார்கள். எட்டே மாதத்தில் வியாபாரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மேலதிகாரி வந்து காரணம் கேட்டார்.

"மூலையில இருந்தவர் போனதுதான் சார் காரணம். தினம் முப்பது பேர் அவருக்காக வருவாங்க."

"முப்பதா? அஞ்சுன்னுல்ல எழுதியிருக்கு?"

"அந்தத் தம்பி சரியா விசாரிக்கல போல சார்." அப்போதும் பழியை அடுத்தவர் தலையில்தான் கட்டினேன்.

அவரைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார்கள். அன்று சாயங்காலமே போனேன். ஒற்றை அறை வீடு. அவர் மனைவி என்னைப் படியிலேயே நிறுத்திக் குரலைத் தாழ்த்தினார். "எட்டு மாசமா இப்படியே உட்கார்ந்திருக்கார்மா. கை நடுங்குதுங்கறார். நடுங்கவே இல்ல. ஊசியில நூல் கோத்துக் குடுங்கன்னாக்கூட முடியாதுங்கறார். 'என்னால பிரயோஜனம் இல்லன்னு கணக்குப் போட்டுப் பாத்துத்தானே அனுப்பினாங்க'ன்னு ஒரே புலம்பல்."

ஒரு வார்த்தை போதும். 'உங்க கை நல்லாத்தான் இருந்துச்சு, நான்தான் பொய் சொன்னேன்' என்றால் அந்த மனுஷன் நிமிர்ந்துவிடுவார். உள்ளே போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். வேலைக்கு வரச் சொல்கிறார்கள் என்றேன்.

"நிஜமாவா? யாரு எனக்காகப் பேசினது?"

"நான்தாண்ணே."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீங்க நல்லா இருக்கணும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே படியிறங்கினேன்.

இப்போது அவர் பழைய மூலைக்கு வந்துவிட்டார். ஆட்களும் வருகிறார்கள். வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா" என்கிறார். நான் குனிந்து சில்லறை எண்ணுவது போல இருந்துகொள்கிறேன்.

ஆனால் சிரிப்புப் பேச்சு குறைந்துவிட்டது. காலையில் முதல் கண்ணாடியைத் தொடுவதற்கு முன் விளக்கடியில் பத்து விரலையும் நீட்டி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுகிறார்.

"தங்கச்சி, நடுங்குதா பாரு."

"இல்லண்ணே."

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா."

தினமும் போய்ப் பார்க்கிறேன். தினமும் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறேன்.