அரை அங்குல ஓட்டை

அரை அங்குலம். இந்த அளவை மறந்துவிடாதீர்கள். 1979 மார்ச்சில், அமெரிக்காவின் கிழக்குக் கென்டக்கியில், வெர்லா ஸ்டிடம் என்ற பெண்ணின் கையில் நிலக்கரிக் கம்பெனி கொடுத்த குற்றச்சாட்டுத் தாளில் இருந்த ஒரே அளவு அதுதான்.

வெர்லா ஒன்பது வருடம் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவள். அது மூடியதும் நிலக்கரி லாரி ஓட்ட வந்தாள். புருஷன் ஹோபர்ட் சுரங்கத் தூசியால் நெஞ்சடைத்து வீட்டோடு கிடந்தான். அவனுடைய வைத்தியம் இவள் வேலையை நம்பித்தான் நடந்தது. வேலை போனால் அதுவும் நிற்கும்.

எங்கள் மலைப்பாதையில் ஒரு நேரத்தில் ஒரு லாரிதான் போகலாம். சரக்கோடு இறங்குகிறவன் ஒவ்வொரு வளைவிலும், லாரிக்கு லாரி பேசும் சிபி ரேடியோவில் குரல் கொடுப்பான், ஏறுகிறவன் ஒதுங்குவான். கம்பெனி அந்த ரேடியோவுக்கு மின்சாரம் எடுத்த இடம் வைப்பர் வயர். கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது, அவ்வளவுதான் காரணம். வைப்பர் ஃபியூஸ் போனால் ரேடியோவும் ஊமை. அந்த ஃபியூஸ் மழையில்தான் போகும்.

ரேடியோவுக்குத் தனி வயர் வேண்டும் என்று வெர்லா மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். குப்பையில் போட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் டிரில்லிங் மிஷின் வாங்கிப்போய், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டில் ஓட்டை போட்டாள். பேட்டரியிலிருந்து ரேடியோவுக்கு நேராக இரண்டு வயர். பேட்டரி அருகிலேயே தனி ஃபியூஸ். தகடு வயரை அறுக்காதபடி ஓட்டையில் ரப்பர் வளையம். காலர் தைத்த கை, ஓர் இடத்திலும் வயர் தொங்கவில்லை.

பத்தாம் நாள் கொட்டும் மழையில் சரக்கோடு இறங்கினாள். கரிச்சேறு அப்பி வைப்பர் இறுகியது, ஃபியூஸ் போனது. எதிரே ஒன்றும் தெரியாமல் வளைவிலேயே நிறுத்தினாள். பின்னால் இன்னொரு லாரியில் ஓர்பி கூம்ஸ், முழுச் சரக்கோடு. ரேடியோவில் யாரும் சொந்தப் பெயர் சொல்வதில்லை. அவன் ‘மோர்’, இவள் ‘தையல்காரி’.

“ஏய் மோரு, தையல்காரி பேசுறேன். முழங்கை வளைவுல நிக்கிறேன். வைப்பர் செத்துப்போச்சு. பிரேக்கப் போடு.”

“எந்த ஓரமாக்கா?”

“நடுவுல.”

“நல்ல எடமாப் பாத்துதான் நின்னிருக்க. இரு, போட்டுட்டேன்.”

முப்பது கெஜம் தள்ளி நின்றான். கம்பெனி போட்ட வயரை நம்பியிருந்தால் இரண்டு பேரையும் பள்ளத்தில் பொறுக்கியிருப்போம்.

மறுநாள் ஃபியூஸ் மாற்ற எஞ்சின் மூடியைத் திறந்தபோது ஓட்டை தெரிந்தது. மேஸ்திரி டெல்மர் ஹாட்ச் அவளைக் கூப்பிட்டார். தொழிற்சங்கக் காரியதரிசி என்று நானும் போனேன்.

“ஓட்டை போட்டது யாரு?”

“நான்தான்.”

“யாரக் கேட்டுப் போட்ட?”

“மூணு தடவ ஒங்களத்தான் கேட்டேன், ஹாட்ச். ஓர்பி உசுரோட இருக்கான், அவனக் கேட்டுப் பாருங்க.”

“நான் ஓட்டையப் பத்திக் கேக்குறேன்.”

தாளை நீட்டினார். ‘கம்பெனி வாகனத்துக்குச் சேதம். அரை அங்குல ஓட்டை.’ திங்கட்கிழமைக்குள் பழைய வயருக்கு மாற்றி, தவறு என்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் வேலை இல்லை. இரண்டு உயிரைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி கிடையாது.

“போட மாட்டேன்,” என்றாள் வெர்லா. வெளியே வந்ததும், “ஹோபர்ட்டுக்கு என்ன சொல்லுவேன்?” என்றாள்.

சனிக்கிழமை ஓர்பி வந்து டிரில்லிங் மிஷினும் அரை அங்குல பிட்டும் கேட்டான்.

“எதுக்குடா?”

“அம்மா வீட்டு ஜன்னலுக்குத் திரை மாட்டணும்ணே.”

“அரை அங்குலத் துளை போடுற பிட்டு எதுக்கு?”

“பெரிய திரைண்ணே.”

ஞாயிறு இரவு வரை மிஷின் திரும்பி வரவில்லை. கேட்ட இடமெல்லாம் வேறொருவன் வீட்டைக் காட்டினார்கள்.

திங்கள் காலை ஹாட்ச் வெர்லாவின் வண்டி மூடியைத் திறந்தார். ஓட்டை அப்படியே இருந்தது. பக்கத்து வண்டியின் மூடியையும் திறந்தார். அதற்கடுத்ததையும். எல்லாரையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டால் கரியை அவரா இறக்குவார்? வெர்லாவின் தாளை மடித்துத் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

ஓட்டை விழுந்த லாரிகள்: இருபத்தேழில் இருபத்தேழு.